ஏலத் தோட்டமும் மருந்து விளம்பரமும்

போடிநாயக்கனூரிலிருந்து மெட்டுச் சாலையேறி ஏலத் தோட்டத்திற்குச் செல்லும் விவசாய அன்பர்கள், செடிக்குத் தெளிக்கும் நஞ்சை ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர். நாமும் அவ்வாறே சொல்லிப் பழகிவிட்டோம். விற்பவருக்கு இச்சொல்லே பாதி விளம்பரமாகும்.

ஏலச் செடியை இலைப்பேனும் தண்டு துளைப்பானும் தாக்குவது உண்மையே. மருந்தே கூடாது என்பது நம் வாதமன்று. ஆனால் எதை, எவ்வளவு தெளிப்பது என்பதைப் பல சமயங்களில் கடைக்காரரே முடிவு செய்கிறார். அதிகம் விற்றவருக்குக் கம்பெனி பரிசளிக்கும்பொழுது, ‘இம்முறை தெளிக்க வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு மனம் வருமா? விளைவோ பலவாறாக வந்து சேருகிறது. ஏலப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்பவை தேனீக்கள். அவை மடிந்தால் காய் பிடிப்பதும் குறையும். தெளிக்கும் கூலியாளின் உடலும் கெடும். சவுதி அரேபியாவோ நஞ்சின் எச்சத்தைக் காரணங்காட்டி 2018-இல் நம் நாட்டு ஏலக்காயைத் திருப்பியனுப்பியது.

1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, பொய்யான செய்தியோ படமோ தாங்கிய சீட்டு ஒட்டிய மருந்தை விற்பது குற்றமாகும். 1971-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. ‘தீங்கற்றது’, ‘நஞ்சற்றது’ என்று சீட்டில் அச்சிடவே கூடாது. ‘சொன்னபடி உபயோகித்தால்’ என்று சேர்த்துக்கொண்டாலும் கூடாது. சீட்டிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாயின் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என முறையே கடுமை குறையும். பச்சையும் நஞ்சே என்பதை மறத்தலாகாது.

சட்டம் சீட்டைக் கட்டுப்படுத்துகிறது. கடை வாசலில் சொல்லும் வாய்மொழியை எவ்வாறு கட்டுப்படுத்துவது? கம்பெனிகள் விற்பனை அளவுக்குப் பரிசளிக்கும் வழக்கத்தைக் கைவிடுவதே முதல் வழி என்பது நம் கருத்து. அரசினர் கவனிக்க வேண்டுவது வேறொன்றும் உண்டு. கேரள அரசு 2011-இல் கொடிய மருந்துகள் சிலவற்றைத் தடை செய்தது. தோட்டம் அங்கே, கடை இங்கே என்றிருக்கும் இம்மலையில், இரு மாநிலங்களும் கலந்து செயற்படாவிடில் தடை மெட்டோடு நின்றுவிடும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரம் செய்வோருக்குப் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். பலரைப் பாதிக்கும் விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சித் தலைவரிடமே எழுதிக் கொடுக்கலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்து, விளம்பரத் தாளையும், பேட்ச் எண் குறித்த ரசீதையும் பத்திரப்படுத்துமாறு விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும். ரசீது இல்லாத மனுவை மேற்கொண்டு நடத்துவது எவருக்கும் கடினம்.