தெரிந்தும் சொல்லாமல் போன 17 நாட்கள்

2019 ஏப்ரல் 4. இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவுக்கு இந்திய உளவுத்துறையிடமிருந்து ஒரு தகவல் வந்தது. காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிமும் அவனது கூட்டத்தாரும் தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகிறார்கள், தேவாலயங்களும் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகமும் அவர்களின் குறி என்பதே அதன் சாரம்.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த தமிழ்ச் சிறுவர்களும் உண்டு.

இடையில் 17 நாட்கள் இருந்தன. பெயர் தெரியும், ஊர் தெரியும், குறி தெரியும். அப்படியிருந்தும் தேவாலய வாசலில் நின்ற பாதிரியாருக்கு ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்விக்கான பதிலில் எல்லா நாட்டு உளவுத்துறைகளுக்கும் பாடம் இருக்கிறது. நமக்கும் இருக்கிறது.

தகவல் போன பாதை

ஏப்ரல் 4இல் வந்த தகவலை அரச புலனாய்வுச் சேவை, தேசிய புலனாய்வுத் தலைவர் பதவியில் இருந்த சிசிர மெண்டிஸுக்கு எழுத்தில் அனுப்பியது. அவரிடமிருந்து அது ஏப்ரல் 9இல் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்குப் போனது. அதே நாளில் எல்லா புலனாய்வுப் பிரிவுகளின் அதிகாரிகளும் கூடும் வாராந்தரக் கூட்டம் நடந்தது. இந்த எச்சரிக்கை அங்கு விரிவாகப் பேசப்படவில்லை. ஏப்ரல் 11இல் ஒரு பொலிஸ் உயரதிகாரி கையெழுத்திட்ட கடிதம், முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்குச் சுற்றுக்கு விடப்பட்டது. அமைச்சர்களின் மெய்க்காவலர்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. குறிவைக்கப்பட்ட தேவாலயங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 16ஆம் தேதி இரவு காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. அது ஒத்திகை என்று பிறகு தெரிந்தது. தாக்குதலுக்கு முந்தைய நாளும் இந்தியாவிலிருந்து மறுபடி எச்சரிக்கை வந்தது. ஆக, தகவல் ஓரிடத்தில் தேங்கிவிடவில்லை. மேசை விட்டு மேசை நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பியதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

துறைகளுக்குள் போட்டி

கோளாறு அந்த 17 நாட்களில் தொடங்கியதல்ல. ஸஹ்ரானைப் பல துறைகள் தனித்தனியே கவனித்துவந்தன. பொலிஸின் பயங்கரவாத விசாரணைப் பிரிவு அவனைத் தேடியது. அவன் மீது பிடியாணையும் இருந்தது. ஸஹ்ரான் விவகாரத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும் பயங்கரவாத விசாரணைப் பிரிவு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்றும் அரச புலனாய்வுச் சேவை கேட்டுக்கொண்டது பின்னர் நடந்த விசாரணைகளில் வெளிவந்தது. அந்தப் பிரிவின் தலைவர் 2018 அக்டோபரில் வேறொரு வழக்கில் கைதானார். ஸஹ்ரானைப் பற்றி நிறையத் தெரிந்திருந்த ஒரு கை அத்துடன் களத்திலிருந்து விலகியது.

2018 நவம்பர் 30இல் மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். பழி முன்னாள் விடுதலைப் புலிகள் மீது விழுந்தது. ஒருவர் கைதும் செய்யப்பட்டார். அது ஸஹ்ரான் கூட்டத்தின் வேலை என்பது ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகே தெரிந்தது. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருள் கிடங்கு ஒன்றைக் குற்றப் புலனாய்வுத் துறை கண்டுபிடித்தது. இந்தத் துண்டுகளை எல்லாம் ஒரே மேசையில் அடுக்கிப் பார்த்திருந்தால் படம் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

மேலே அரசியல் சண்டை நடந்துகொண்டிருந்தது. 2018 அக்டோபரில் அதிபர் மைத்திரிபால சிறிசேனவுக்கும் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவுக்கும் இடையே வெடித்த மோதலுக்குப் பிறகு தேசியப் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. தன்னையும் அழைப்பதில்லை என்று பொலிஸ் மா அதிபர் நாடாளுமன்றத் தெரிவுக்குழு முன் சாட்சியம் சொன்னார். தலைவர்களே ஒரே அறையில் உட்காராதபோது அதிகாரிகள் எப்படி மனம் விட்டுப் பேசுவார்கள்?

இலங்கைக்கு மட்டுமான நோய் அல்ல

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன் அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. பின்னாளில் விமானத்தைக் கடத்தியவர்களில் இருவர் 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் நடந்த ஒரு சந்திப்பில் இருந்ததை சி.ஐ.ஏ. அறிந்திருந்தது. ஒருவரிடம் அமெரிக்க விசா இருப்பதும் தெரியும். இருவரையும் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்து, எஃப்.பி.ஐ. தேடத் தொடங்கியது 2001 ஆகஸ்ட் இறுதியில்தான். அதற்குள் அவர்கள் பல மாதங்கள் கலிபோர்னியாவில் வாழ்ந்துவிட்டார்கள்.

துறைகள் தகவலை மறைப்பதற்கு அவர்கள் தரப்பில் நியாயமும் உண்டு. செய்தி கொடுத்த ஆளின் உயிர் போய்விடக் கூடாது. வெளிநாடு தந்த தகவலை அந்நாட்டின் அனுமதியின்றி மூன்றாமவருக்குக் கொடுப்பதில்லை என்பது உளவு உலகின் எழுதாத ஒப்பந்தம். இவை தேவையான கட்டுப்பாடுகளே. ஆனால் இவற்றின் நிழலில், 'இந்தப் பெயர் நமக்கே வர வேண்டும்' என்ற ஆசையும் வளர்ந்துவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து, என்ன ஆபத்து என்பதை மட்டும் சொல்லவும் வழி உண்டு. 'ஞாயிறு ஆராதனைக்குப் பாதுகாப்பு தேவை' என்று தேவாலயத்திடம் சொல்ல யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வாக அமெரிக்கா 2004இல் எல்லா உளவு அமைப்புகளுக்கும் மேல் ஒரு தேசிய இயக்குநர் பதவியை உருவாக்கியது. இந்தியாவில் கார்கில் போருக்குப் பின் 2001இல் பல்துறை மையம் ஒன்று தொடங்கப்பட்டு, 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் வலுப்படுத்தப்பட்டது. ஆனால் இலங்கையில் ஒருங்கிணைக்கும் பதவியும் இருந்தது, வாராந்தரக் கூட்டமும் இருந்தது. நாற்காலி போட்டால் மட்டும் போதாது. தகவலைக் கொடுக்காமல் வைத்திருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வேண்டும்.

அந்தப் பதிலை 2023 ஜனவரி 12இல் இலங்கை உச்ச நீதிமன்றம் கேட்டது. சிறிசேன 10 கோடி ரூபாய், ஜயசுந்தரவும் ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, மெண்டிஸ் 1 கோடி என்று பாதிக்கப்பட்டோருக்குத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க உத்தரவிட்டது. தகவல் கையில் இருந்தும் செயல்படாமல் இருப்பது அடிப்படை உரிமை மீறல் என்பதே இந்தத் தீர்ப்பு சொன்ன செய்தி.

பழியைச் சுமந்தவர்கள்

இந்த அலட்சியத்தின் முதல் விலையைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுத்தன. அடுத்த விலையை இலங்கை முஸ்லிம்கள் கொடுத்தார்கள். 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆனால் ஸஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் முஸ்லிம்களே. 2017இல் காத்தான்குடியில் அவன் ஆட்கள் வாளோடு மோதியதும் சக முஸ்லிம்களிடம்தான். தாக்குதலுக்கு ஐந்து நாட்கள் கழித்து, சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னவர்களும் அவ்வூர் முஸ்லிம்கள்தான். பெரிய துறைகள் 17 நாட்களில் செய்யாததை, சாதாரண மக்கள் உடனடியாகச் செய்தார்கள்.

அச்சம் தரும் செய்தி வந்தால் அதைப் பரப்பித் திரியாமல், ஆராய்ந்து முடிவெடுக்கக் கூடிய பொறுப்பாளர்களிடம் கொண்டுபோங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் வழிகாட்டுகிறது. ஆராயாமல் நம்பி அறியாத மக்களுக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. வவுணதீவில் தவறாகப் பிடிபட்டவரை நினைத்தால் இரண்டாவது எச்சரிக்கையின் அருமை புரியும்.

தகவல் ஒரு அமானிதம். அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் வைத்திருந்தாலும் மோசடிதான், சரிபாராமல் யார் மீதாவது வீசினாலும் மோசடிதான். அதிகாரிகளிடம் நாம் கேட்க வேண்டியதும், நம் வீட்டில் நாம் கடைப்பிடிக்க வேண்டியதும் இந்த ஒரே நெறிதான்.