புளி தெறிக்கும் சுவர்

சுவரும் தரையும் – 9

காரைக்குடிப் பக்கம் போய்வந்தவர்களை ஆத்தங்குடிப் பூக்கல் லேசில் விடுவதில்லை. புது வீட்டுக் கூடத்துக்கு அதைத்தான் போடுகிறார்கள். மிஞ்சிய கற்களை ஆசையோடு சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்புக்குப் பின்சுவரில் பதிக்கச் சொல்கிறார்கள். நாளாக ஆக, ரசம் தெறித்த இடம் வெளுக்கிறது, எண்ணெய் தெறித்த இடம் கறுக்கிறது. கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அந்தச் சுவருக்காகச் செய்யப்பட்டதல்ல.

ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்க்காதது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, அதன் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறமாகச் சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்த பிறகு உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. அதற்கு மேல் காப்பு எதுவும் கிடையாது. புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் சிமென்டை அரிக்கும். மஞ்சளும் எண்ணெயும் நுண்துளை வழியே உள்ளே இறங்கிவிடும். தரைக்கு அது பெரிய தொல்லை இல்லை. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறுகிற கல் அது.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலேயே இதற்கு விடை இருக்கிறது. கால் படும் தரையில் ஆத்தங்குடி. முதுகு சாயும் திண்ணைச் சுவரில் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த மஜோலிகா ஓடுகள். 20-ம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் வந்த சரக்கு அது. ஆறங்குலச் சதுரம், புடைத்த கோடுகளில் பூவும் கொடியும், கோடுகளுக்கு நடுவே குளம்போலத் தேங்கிய பச்சையும் அரக்குச் சிவப்பும். இந்தியச் சந்தைக்கென்றே ரவிவர்மா படங்களைப் பார்த்துச் சாமி உருவங்கள் வார்த்தும் அனுப்பினார்கள். இந்த ஓடுகளின் முகத்தில் இருப்பது சூளையில் உருகி இறுகிய கண்ணாடிப் பூச்சு. எண்ணெய்ப் பிசுக்கு அதன் மேலேயே நின்றுவிடும். ஈரத்துணி பட்டால் போய்விடும்.

இந்தப் பூச்சை நம்பி ஒரு சமையலறையையே ஓவியமாக்கியவர்கள் மெக்ஸிகோவில் இருக்கிறார்கள். புவெப்லா நகரத்தின் சாந்தா ரோசா கன்னிமடத்துச் சமையலறையில் சுவர், அடுப்புத் திண்டு, தலைக்கு மேல் வளையும் கூரை என்று எங்கு திரும்பினாலும் தலவேரா ஓடு. ‘மோலே’ குழம்பு அங்கேதான் பிறந்தது என்று ஊரார் நம்புகிறார்கள். காய்ந்த மிளகாய், எள், பருப்பு வகைகளை வறுத்து, கல்லில் அரைத்து, சாக்லேட் சேர்த்துக் கொதிக்கவிடும் குழம்பு. அது கொதித்துத் தெறிப்பதை நம் ஊர்ச் சமையல்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தலவேரா செய்வது பொறுமையான வேலை. இரண்டு வகைக் களிமண்ணைக் கலந்து, வார்த்து, ஒருமுறை சுடுகிறார்கள். பிறகு வெள்ளீயம் கலந்த பால்வெள்ளைப் பூச்சில் முக்கி, அதன் மேல் தூரிகையால் வரைந்து, மறுபடி சுடுகிறார்கள். கோபால்ட் நீலம் விலை கூடியது என்பதால் உயர்ந்த சரக்குக்கே அது. எந்தத் தரத்துக்கு என்ன பூச்சு, என்ன வண்ணம் என்று 1653-லேயே குயவர் சங்கம் சட்டம் போட்டுவிட்டது. 2019-ல் யுனெஸ்கோ இந்தக் கைவேலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பிரான்ஸில் ஜிவெர்னி கிராமத்து வீட்டில் ஓவியர் மொனே வேறு வழியில் போனார். 1883-ல் அங்கே குடிவந்தவரின் சமையலறைச் சுவர்களில் நீலமும் வெள்ளையுமான ரூவான் ஓடுகள், அவற்றுக்கு முன்னே வரிசையாகத் தொங்கும் செம்புப் பாத்திரங்கள். இரண்டே நிறம் என்பதால் செம்பு எடுப்பாகத் தெரிகிறது. பித்தளைப் பாத்திரங்களைப் பார்வைக்கு வைக்க நினைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் அது.

நம் வீட்டுக்கு வருவோம். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே கிடைப்பது ஏறக்குறைய இரண்டடி உயரம். அங்கே பெரிய ஓட்டை வைத்தால் பூ பாதியில் வெட்டுப்படும். நாலங்குலமோ ஆறங்குலமோதான் பொருந்தும். சுவர் முழுக்கப் பூ வேண்டாம். அடுப்புக்கு நேரே மூன்றடி அகலத்துக்கு ஒரு சித்திரப் பகுதி, இரு பக்கமும் ஒரே நிறம் என்று வைத்தால் கண் ஓய்வெடுக்கும். உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவில் கையால் வரைந்து சுட்ட ஓடுகள் கிடைக்கின்றன. ஆத்தங்குடிக் கோலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, குஜராத்தின் மோர்பி ஆலைகள் அதே மாதிரியைப் பூச்சு ஓட்டில் அச்சடித்துத் தருகின்றன. கைக்கல்லின் ஆழம் அதில் வராது. ஆனால் அடுப்புக்குப் பின்னால் அதுதான் தாக்குப்பிடிக்கும். அசல் கல்லை அடுப்படியிலிருந்து தள்ளி, சாப்பாட்டு மேசைப் பக்கத்துச் சுவரில் வைக்கலாம்.

சின்ன ஓடு என்றால் இணைப்புகள் அதிகம். சாதாரண சிமென்ட் கிரவுட் மஞ்சளைக் குடித்துவிடும். எபாக்சி கிரவுட் விலை கூடுதல்தான், ஆனால் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது. அடுப்பின் நடுவும் சித்திரத்தின் நடுவும் ஒன்றாக வர, முதல் ஓட்டை நடுவிலிருந்தே ஒட்டச் சொல்ல வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் கடைசியில் ஒரு பக்கம் அரைப் பூ நிற்கும். மிக்ஸிக்கான பிளக் பாயின்ட் மயிலின் கழுத்தில் வந்து விழாமலிருக்க, எலக்ட்ரீஷியன் சுவரை உடைப்பதற்கு முன்பே ஓடுகள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். தரையில் அப்படியே பரப்பி, ஒரு படம் எடுத்து, அதில் பாயின்டைக் குறித்துக் கொடுத்தால் போதும். கையால் செய்த ஓடு என்றால் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக வாங்கிப் பரணில் போடுவது நல்லது. அடுத்த சூளையில் வரும் நீலம் இதே நீலமாக இருக்காது.