தொலைக்காட்சிக்கான ஸ்ட்ரீமிங் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்ட்ரீமிங் கருவி என்பது இணையம் வழியே வரும் படக்காட்சியைத் தொலைக்காட்சித் திரையில் காட்டும் ஒரு சிறு கணினியாகும். விரல் நீளக் குச்சியாகவும் உள்ளங்கை அளவுப் பெட்டியாகவும் இது கிடைக்கிறது. கடைகளில் முன்னதை ‘ஸ்டிக்’ என்றும் பின்னதை ‘பாக்ஸ்’ என்றும் கேட்டு வாங்குகிறார்கள். கேபிள் செட்டாப் பெட்டியும் இதுவும் ஒன்றல்ல. கேபிள் பெட்டி, கம்பியில் வந்துகொண்டே இருக்கும் சேனல்களில் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஸ்ட்ரீமிங் கருவி, பார்ப்பவர் கேட்டதை இணையத்தில் தேடிப்போய் எடுத்து வருகிறது.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா இருந்தால் போதும். 1990களில் கேபிள் பரவியது. கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பெட்டி வேண்டும் என்ற முறை 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்தது. பிற பெருநகரங்களில் அது அப்போது தள்ளிப்போனது. பிறகு ஹாட்ஸ்டார் 2015இலும், நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ ஆகியவை 2016இலும், சன் நெக்ஸ்ட் 2017இலும் இந்திய வாசகருக்கு அறிமுகமாயின. கூகுளின் குரோம்காஸ்ட் 2014 டிசம்பரில் இங்கு விற்பனைக்கு வந்தது. அதற்கு ரிமோட் கிடையாது. எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்து இயக்க வேண்டும். கைப்பேசிக்காரர் வெளியே போய்விட்டால் வீட்டிலிருக்கும் பாட்டி என்ன செய்வார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. 2017 ஏப்ரலில் ரூ.3,999 விலையில் வந்த அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், ரிமோட்டுடன் வந்ததால் வீடுகளில் எளிதாக இடம்பிடித்தது.

படம் வீட்டுக்கு வரும் வழி

கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது நல்லது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி இருக்கிறது. பிக் பாஸ் தமிழ் நிகழ்ச்சி படமாக்கப்படுவது அங்கேதான். ஆனால் அங்கே எடுக்கப்படும் காட்சி, பூந்தமல்லியில் இருக்கும் ஒரு வீட்டுக்குக்கூட நேராக வருவதில்லை. அது சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் மங்கலானது முதல் மிகத் தெளிவானது வரை பல தரங்களில் தயாரிக்கப்பட்டு வழங்கிக் கணினிகளில் வைக்கப்படுகிறது. கருவி ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கி, பூட்டைத் திறந்து, திரைக்கு அனுப்புகிறது. இணையத்தின் வேகம் குறைந்தால் அடுத்த துண்டின் மங்கலான பிரதியைக் கேட்கிறது. மழைநாளில் படம் நிற்காமல் மங்கிப்போவதற்குக் காரணம் இதுதான். நேரலைக் கிரிக்கெட்டில் கேபிள் வைத்திருக்கும் அடுத்த வீட்டில் கைத்தட்டல் முதலில் கேட்பதற்கும் இதே காரணம்தான்: துண்டுகள் சேர்ந்து வர நேரமாகிறது.

ஆக, கருவியின் வேலைகள் மூன்று. துண்டுகளைத் தங்குதடையின்றி வாங்க வேண்டும். பூட்டைத் திறக்க அதற்கு அனுமதி இருக்க வேண்டும். திரை ஏற்கும் வடிவில் தர வேண்டும். கடையில் பெரும்பாலோர் கேட்பது விலையையும் ‘4கே’ இருக்கிறதா என்பதையும் மட்டுமே. பணம் வீணாவது பெரும்பாலும் கேட்காமல் விட்ட அந்த நடுக்கேள்வியால், அதாவது அனுமதியால்.

தொலைக்காட்சியின் பின்புறம்

முதலில் பார்க்க வேண்டியது கடையை அல்ல, வீட்டிலுள்ள தொலைக்காட்சியின் முதுகை. அம்பத்தூர், ஆவடி பக்கத்துத் தெரு ஒன்றில் நாலு வீடு ஏறி இறங்கினால் நாலு தலைமுறைத் தொலைக்காட்சிகளைப் பார்க்கலாம். தமிழக அரசு 2006 முதல் வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி சில வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் எச்டிஎம்ஐ துளை இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற ஏவி துளைகள்தான். எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சிறு பெட்டி கிடைக்கிறது என்றாலும், திருட்டுப் பிரதியைத் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பின் காரணமாகச் சில செயலிகள் கறுப்புத் திரையையே காட்டும். படம் வந்தாலும் அந்தச் சிறு திரையில் எழுத்துகளைப் படிக்க முடியாது. அத்தகைய தொலைக்காட்சிக்கு ஸ்டிக் வாங்குவது வீண்செலவு. கேபிளே போதும்.

அடுத்த தலைமுறை, 32 அங்குல எல்இடி. இவற்றில் பெரும்பாலானவை ‘எச்டி ரெடி’ வகை; குறுக்கே 1366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் கொண்டவை. 4கே படத்தில் குறுக்கே 3840 புள்ளிகளும் நெடுக்கே 2160 புள்ளிகளும் உண்டு. படி அளவுள்ள பாத்திரத்தில் மரக்கால் நெல்லைக் கொட்டினால் மிச்சம் தரையில்தான். ஆகவே இந்தத் திரைக்கு 4கே கருவி வாங்குவதால் படம் கூடுதலாகத் தெளிவதில்லை. ஒரு விதிவிலக்கு: 4கே கருவிகளில் வேகமான செயலியும் 2 ஜிபி நினைவகமும் இருப்பது வழக்கம். 1 ஜிபி மட்டுமே உள்ள மலிவுக் கருவி இரண்டு ஆண்டில் ஆமையாகிவிடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். வேகத்துக்காக வாங்கலாம், தெளிவுக்காக அல்ல.

2018 வாக்கில் வாங்கிய ‘ஸ்மார்ட்’ தொலைக்காட்சி வைத்திருப்பவர்களின் குறை வேறு. திரை நன்றாக இருக்கும். உள்ளிருக்கும் மென்பொருள் கிழடு தட்டியிருக்கும். ஒரு செயலி திறக்க ஒரு நிமிடம் ஆகும், இன்னொன்று ‘இந்தக் கருவியில் இனி இயங்காது’ என்று சொல்லும். இப்படிப்பட்ட வீட்டில் புதிய தொலைக்காட்சி வாங்கத் தேவையில்லை. சில ஆயிரம் ரூபாய் ஸ்டிக் ஒன்று அதே திரைக்குப் புது மூளை வைத்துவிடும். ஸ்ட்ரீமிங் கருவியால் உண்மையான இலாபம் அடைபவர்கள் இவர்களே.

எச்டிஎம்ஐ துளை ஒன்றே ஒன்று இருந்து, அதில் கேபிள் பெட்டி செருகியிருந்தால், இரண்டையும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் வாங்க வேண்டியிருக்கும்.

மின்சாரமும் வைஃபையும்

புதுக் கருவி பழுது என்று கடைக்குத் திரும்பிப் போகிறவர்களில் பலரிடம் கருவி நன்றாகவே இருக்கும். தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் தவறு. யூஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர். ஸ்டிக்குகளுக்கு ஓர் ஆம்பியர் அல்லது அதற்கு மேல் வேண்டும். பசியோடு இருக்கும் கருவி படத்தின் நடுவில் அணைந்து அணைந்து எழும். உடன் வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினால் தீர்ந்தது.

வைஃபை இன்னொரு தலைவலி. நீளவாக்கில் கட்டிய வரிசை வீடுகளில் ரூட்டர் வாசலிலும் தொலைக்காட்சி உள்ளறையிலும் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டும். ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே அலையில் நெரிசலிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. இரண்டு செங்கல் சுவர் தாண்டினால் களைத்துவிடும். கருவி இரண்டையும் ஏற்பதாக இருக்க வேண்டும். தொலைக்காட்சியின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக்குக்குச் சூடும் அதிகம், அலையும் குறைவு. பெட்டியிலேயே வரும் சிறு எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு குறைகளையும் அது குறைக்கும். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் ஈதர்நெட் துளை உள்ள பெட்டி வகையை வாங்கிக் கம்பியிலேயே இணைப்பது எல்லாவற்றிலும் மேல்.

நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். ஃபைபர் இணைப்புள்ள வீட்டுக்கு இது பெரிதல்ல. ஃபைபர் இன்னும் எட்டாத புதிய மனைப்பிரிவுகளில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்புகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி வரை செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டத்தில் முக்கால் மணிக்குள் தீர்ந்துவிடும். படத்தின் இடைவேளைகூட வந்திருக்காது.

அனுமதி என்னும் பூட்டுச்சாவி

படத்துண்டுகள் பூட்டப்பட்டே வருகின்றன. ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்தப் பூட்டைத் திறப்பது கூகுளின் ‘வைட்வைன்’ என்னும் ஏற்பாடு. அதில் எல்1, எல்2, எல்3 என நிலைகள் உண்டு. எல்1 கருவியில் திறக்கும் வேலை வன்பொருளின் பாதுகாக்கப்பட்ட அறைக்குள் நடக்கிறது. அதனால் நிறுவனங்கள் முழுத் தெளிவான படத்தைத் தருகின்றன. எல்3 கருவிக்குப் பெரும்பாலும் 480 வரிப் படந்தான் கிடைக்கும். பெட்டியின் மேல் ‘8கே’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. நெட்ஃபிளிக்ஸ் இதற்கு மேல் தனியாகவும் கருவிகளைச் சோதித்துச் சான்று தருகிறது.

பெயர் தெரியாத ‘ஆண்ட்ராய்டு பாக்ஸ்’ பலவற்றில் இந்தச் சான்றுகள் இருப்பதில்லை. கூகுளின் அனுமதி பெற்ற ஆண்ட்ராய்டு டிவி வேறு, எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய திறந்த மூல ஆண்ட்ராய்டைப் போட்டு விற்கும் பெட்டி வேறு. பிளே ஸ்டோர் அமைப்புகளில் ‘பிளே புரொடெக்ட்’ சான்று பெற்ற கருவியா என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மின் அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘ஆர்’ எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

‘மாதச் சந்தா இல்லாமல் எல்லாச் சேனலும், எல்லாப் படமும்’ என்று சொல்லி விற்கப்படும் பெட்டிகளில் மங்கலான படம் மட்டுமே பிரச்சினை அல்ல. 2023 ஜனவரியில் டி95 என்ற மலிவுப் பெட்டியில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீநிரல் புதைந்திருப்பதை ஓர் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். பின்னர் ‘பேட்பாக்ஸ்’ என்று பெயரிடப்பட்ட இவ்வகைத் தீநிரல் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் அதன் பின்னணியில் இருப்போர்மீது வழக்குத் தொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் தொற்றுக்குள்ளானதாக அப்போது கூறியது. இத்தகைய பெட்டி, வீட்டு இணைய இணைப்பை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. எங்கோ இருப்பவர் செய்யும் மோசடி, ஆவடியிலுள்ள ஒரு வீட்டின் இணைய முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். விசாரணை முதலில் தேடி வருவது அந்த இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரைத்தான். அதே வைஃபையில்தான் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் கைப்பேசியும் இருக்கிறது. ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய்ப் பேரம் பேசி மிச்சம்பிடிக்கும் ஆயிரம் ரூபாய் இதற்கு ஈடாகாது.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

ஸ்ட்ரீமிங் கருவி மிக்சி, கிரைண்டர் போல அல்ல. மோட்டார் தேயாமலே அது ஒருநாள் பயனற்றுப் போகலாம். 2025 மார்ச்சில் உலகெங்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் திடீரென வேலை செய்யவில்லை. அவற்றுள் வைக்கப்பட்டிருந்த எண்மச் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்ததே காரணம். கூகுள் சில நாட்களில் திருத்தம் அனுப்பியது. குரோம்காஸ்ட் தயாரிப்பையே அந்நிறுவனம் 2024இல் நிறுத்தியிருந்தது. 2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ், 2014இல் வெளிவந்த முதல் தலைமுறை ஃபயர் டிவி கருவிகளுக்குச் சேவையை நிறுத்திக்கொண்டது. எனவே தள்ளுபடியில் கிடைக்கும் மாடல் எந்த ஆண்டு வெளிவந்தது என்று கேட்பது அவசியம். ஐந்தாண்டுக்கு முந்தைய மாடல் பாதி விலைக்குக் கிடைத்தாலும், அதன் ஆயுளில் பாதிக்கு மேல் கடையிலேயே கழிந்துவிட்டது.

ஏர்டெல், ஜியோ போன்ற நிறுவனங்கள் ஃபைபர் திட்டங்கள் சிலவற்றுடன் தங்கள் பெட்டியையே தருகின்றன. அது கிடைக்கும் வீட்டில் தனிக் கருவி வாங்குமுன் சில வாரம் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆனால் இணைப்பை மாற்றினால் பெட்டியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். ஆப்பிள் டிவி நல்ல கருவிதான், விலை அதிகம். ஐபோன் இல்லாத வீட்டுக்கு அது தேவையில்லை.

வீட்டில் யார் பார்க்கிறார்கள்

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஸ்டிக் வந்தவுடன் கேபிளைத் துண்டிப்பது அவசரம். மாலை ஏழரை மணித் தொடருக்கு ஒரே பொத்தானை அழுத்திப் பழகியவருக்கு, இயக்கி, விளம்பரம் தாண்டி, செயலி தேடி, யார் பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி உள்ளே போவது சின்ன வேலை அல்ல. சில மாதம் இரண்டும் இருக்கட்டும். தொலைக்காட்சியின் ஒலியையும் மின்சுவிட்சையும் ஸ்டிக்கின் ரிமோட்டே இயக்குமா என்று வாங்கும்போதே சோதிக்க வேண்டும். மேசையில் ஒரு ரிமோட் குறைந்தாலும் குழப்பம் பாதியாகும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலியில் தூர்தர்ஷன் சேனல்களைக் காணலாம். பழைய ஒளிபரப்புக்குப் பழகியவர்களுக்கு அதிலிருந்து தொடங்குவது எளிது.

குழந்தைகள் உள்ள வீட்டில், முதல் நாளே பணம் செலுத்தும் இடத்துக்கு எண்பூட்டுப் போட வேண்டும். ரிமோட்டில் ஓர் அழுத்தில் படம் வாடகைக்கு எடுக்கப்பட்டு, சேமித்து வைத்த அட்டையிலிருந்து பணம் போய்விடும்.

கருவி வந்த பிறகு, திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள், வீட்டார் பார்க்கும் ஒவ்வொரு செயலியையும் திறந்து ஒரு முழுப் படமாவது ஓட விட வேண்டும். வீட்டிலுள்ள எல்லாரும் கைப்பேசியோடு இருக்கும் இரவு எட்டு மணிக்கு இதைச் செய்தால் வைஃபையின் நிலையும் தெரிந்துவிடும். பழைய ஸ்டிக்கை உறவினருக்குக் கொடுக்கிறவர்கள், முதலில் அதிலிருந்து தங்கள் கணக்குகளை நீக்கி, தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.