சுரங்க நீரின் அளவும் குணமும்

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் நீரைப் பம்புகளால் இறைத்து வெளியேற்றினால் மட்டும் போதாது. அது நாள்தோறும் எவ்வளவு வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று அறிவதே தொழிலாளரின் உயிர்க்காப்பு. வரத்தை அளக்க வாய்க்காலின் குறுக்கே ‘வி’ வடிவில் வெட்டப்பட்ட தடுப்புப் பலகை நிறுத்தப்படுகிறது. அவ்வெட்டில் வழியும் நீரின் உயரம் இரு மடங்கானால் வரத்து ஐந்தரை மடங்குக்கும் மேலாகும் என்பதால், ஒவ்வொரு அளவையும் கவனமாகக் குறித்துவைப்பது இன்றியமையாதது.

நிலக்கரியோடு கலந்துள்ள பைரைட் என்னும் இரும்பு சல்பைடு, காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் உண்டாக்குகிறது. ஆகவே திடீரென அமிலத்தன்மையும் சல்பேட்டும் மிகுந்து வரும் நீர், அண்மை மழையின் ஊற்றாக இராமல், கைவிடப்பட்ட பழைய சுரங்க அறைகளில் நெடுங்காலம் தேங்கியதாக இருக்கலாம் என்ற ஐயம் உடனே எழ வேண்டும். (அதே அமிலம் பம்புகளையும் குழாய்களையும் அரிக்கும், வெளியே ஓடைகளில் கலந்தால் மீனினத்தையும் அழிக்கும்.)

தன்பாத் அருகிலுள்ள சாஸ்நாலாவில், 1975 டிசம்பர் 27 அன்று, மேலே தேங்கியிருந்த நீர் உடைத்துப் பாய்ந்ததில் 375 பேர் மாண்டனர். பழைய தேக்கங்களை நெருங்கும்போது வெட்டுமுகத்துக்கு முன்னால் நீளத் துளையிட்டுச் சோதிப்பதும், நீர் கசிந்தால் வேலையை நிறுத்துவதும் இதனாலேயே கட்டாயமாகின்றன. உற்பத்தி இழப்பை எண்ணி அங்கே தயங்குவது மன்னிக்கத் தகாதது.