ஆய்வாளருக்குத் துணைநிற்போர்

முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பாடத்தில் வழிகாட்டப் பேராசிரியர் உண்டு. ஆனால், ஆய்வேட்டைக் குறித்த காலத்தில் எழுதி முடிக்கவும், அவையில் பேசவும், வகுப்பு நடத்தவும், பட்டத்திற்குப் பின் வேலை தேடவும் கற்பிப்பவர் யார்?

பிரிட்டனில் இயற்பியல் அறிஞர் சர் கேரத் ராபர்ட்ஸ் 2002இல் அரசுக்கு அளித்த அறிக்கை இக்குறையைச் சுட்டியது. ஆய்வு மாணவருக்கு ஆண்டுதோறும் இரண்டு வாரமேனும் இத்தகைய பயிற்சி வேண்டும் என்றது. அரசும் ஆய்வு மன்றங்களின் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு வழங்கியது. அதனைக் கொண்டு பல்கலைக்கழகங்கள் தனி அலுவலர்களை அமர்த்தின. எழுத்துப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தொழில் ஆலோசனை ஆகியன அவர்தம் பணி.

2011இல் அந்நிதி நின்றது. அதன்பின் அவ்வலுவலர்களை வைத்திருப்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாயிற்று. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கு நிதி வழங்குவோரும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை 2019இல் திருத்தப்பட்டது. முழுநேர ஆய்வுப் பணியாளருக்கு ஆண்டில் 10 நாளேனும் பயிற்சிக்கென ஒதுக்க வேண்டும் என அது கூறுகிறது. நாளை ஒதுக்கினால் போதுமா? கற்பிக்க ஆளும் வேண்டுமன்றோ?

பாடம் அறிந்தவரெல்லாம் நல்லாசிரியர் ஆகிவிடுவதில்லை. அதனால்தான் நமக்குப் பயிற்சிக் கல்லூரி அமைந்தது. ஆய்வுக்கும் அஃதே முறை. ஆய்வு வளர விரும்பும் பல்கலைக்கழகம், ஆய்வாளரைப் பழக்குவோரின் பணியை முதலில் நிலையான பணியாக்க வேண்டும்.