தேயிலைக்கு அடியில்

எங்கள் வாப்பாவுக்கு ஹட்டனில் சிறிய கடை ஒன்று உண்டு. தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் பாட்டி ஒருவர், ஆற்றில் பொறுக்கிய மினுங்கும் கல்லொன்றை நீட்டி, "மொதலாளி, இது மாணிக்கக் கல்லுங்களா?" என்று கேட்டார். வெறும் குவாட்ஸ் கல். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் மலைகளுக்குள் என்ன இருக்கிறது என்று யார் தேடுகிறார்கள்?

கலை அறிஞராக நாம் படிக்கும் ஆனந்த குமாரசுவாமிதான் 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் பணிப்பாளர். (இதைக் கேட்டு என் தோழிகள் நம்பவில்லை!) பொகவந்தலாவை மலையைத் தாண்டினால் பலாங்கொடை. அந்தப் பக்கத்து மாணிக்கச் சரளையில் கிடைத்த பாரமான கறுப்பு மணிகள் லண்டனுக்குச் சென்றன. 1904இல் அது தோரியம் நிறைந்த புதிய கனிமம் என்று தெரிந்தது. பெயர் தோரியனைட்.

இன்று அந்த வேலையைச் செய்வது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். தேயிலை நாட்டில் பாறையைக் காண்பது எளிதல்ல. மேலே தேயிலை, அதன் கீழே உக்கிய செம்மண். ஆகவே வீதி வெட்டிய இடங்களிலும் நீர்வீழ்ச்சி ஓரங்களிலும் பாறையைப் பார்க்கிறார்கள். ஓடை மணலை எடுத்து ஆய்வுகூடத்தில் சோதிக்கிறார்கள். மணலில் ஒரு மூலகம் வழமைக்கு மேல் இருந்தால், அது வந்த பாறையைத் தேடி ஓடை வழியே மேலே ஏற வேண்டும்.

இப்போது ஏன் இந்த அவசரம்? கைத்தொலைபேசி மின்கலத்துக்குக் காரீயம் வேண்டும். அது எங்கள் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் உண்டு. புல்மோட்டை மணலில் இல்மனைட், சிர்க்கோன், சிறிதளவு மொனசைட்டும் உண்டு. இந்தியா 2023இல் 30 கனிமங்களை மிக அவசியமானவை என்று பட்டியலிட்டது. காரீயமும் அதில் ஒன்று.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, நிலம் யாருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனியம் அரசுக்குரியது. நாட்டின் செல்வம் நாட்டுக்கு என்பது நியாயம்தான். ஆனால் தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தும் உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பத்தின் காலடியில் ஏதாவது கிடைத்தால், அவர்களிடம் யார் பேசுவார்கள்?

பாறையையும் மண்ணையும் வரைந்தால் கனியம் மட்டுமல்ல, சரியப்போகும் சரிவும் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தெரிந்த செய்தி, அங்கே உறங்கியவர்களுக்கு வேறு இடமாக மாறவில்லை.

பாட்டி அந்தக் கல்லைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் போகும்போது, "எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு, அதையும் யாராச்சும் வந்து பாப்பாங்களா புள்ள?" என்று கேட்டார்.