விடுமுறை நாளில் காளைக் கல்லறைக்குப் போன கால்நடை மருத்துவர்கள்

எகிப்து நாட்டில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. கெய்ரோ நகரத்துக்குத் தெற்கே, பிரமிடுகளை ஒட்டிய கிராமங்களில் வண்டிக் கழுதைகளுக்கும் சவாரிக் குதிரைகளுக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இரண்டு கால்நடை மருத்துவர்களுக்கும் அன்று ஓய்வு. ஒருவர் முப்பது வருடம் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்த பெரியவர். மற்றவர் படிப்பை முடித்து இரண்டே வருடம் ஆன இளம் பெண். ஐந்து நாளாக முதுகுப் புண், தேய்ந்த குளம்பு, வயிற்று வலி என்று பார்த்துச் சலித்திருந்தார்கள். ஆறாவது நாள் வாடகைக் கார் பிடித்து ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். மருந்துப் பெட்டியை அறையிலேயே வைத்துவிடலாம் என்றார் இளம் மருத்துவர். காரில் கிடக்கட்டும் என்றார் பெரியவர்.

வெளிநாட்டார் அங்கே தொண்டுக்கு வருவது புதிதல்ல. 1930-ல் டோரதி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ராணுவ அதிகாரியான தன் கணவருடன் கெய்ரோவுக்கு வந்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் விற்றுவிட்டுப் போன குதிரைகள், கிழடு தட்டி, எலும்பும் தோலுமாக அந்நகரத் தெருக்களில் பாரம் இழுப்பதைக் கண்டார். லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டினார். அந்தப் பணத்தில் ஏறத்தாழ 5,000 குதிரைகள் வாங்கப்பட்டன. பெரும்பாலானவை பிழைக்கிற நிலையில் இல்லை. வலியில்லாமல் முடித்துவைப்பதுதான் அவற்றுக்குச் செய்ய முடிந்த உதவியாக இருந்தது. 1934-ல் அவர் கெய்ரோவில் தொடங்கிய இலவச மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்று பல நாடுகளில் வேலை செய்கிறது.

கார் சக்காரா நோக்கிப் போனது. வழி நெடுக நைல் வாய்க்கால், பேரீச்சை மரங்கள், பச்சைப் பசேலென்று பெர்சீம் தீவன வயல்கள். வடஇந்தியப் பால் பண்ணைகளில் குளிர்காலத்தில் போடும் பெர்சீம், எகிப்திலிருந்து இங்கே வந்த பயிர்தான். பதிலுக்கு என்று சொல்லலாம், எகிப்து வயல்களில் மேயும் எருமை கிழக்கே நம் பக்கத்திலிருந்து அங்கே போனது. பிரமிடு காலத்து ஓவியங்களில் எருமையைத் தேடினாலும் கிடைக்காது.

சக்காராவில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஆறு அடுக்காக எழும்பும் படிப் பிரமிடு. கட்டி 4,600 வருடங்களுக்கு மேல் ஆகிறது. நம் மருத்துவர்கள் அதற்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு, தீ என்ற அதிகாரியின் கல்லறைக்குள் நுழைந்தார்கள். அங்கேதான் இரண்டு மணி நேரம் போனது. சுமார் 4,400 வருடங்களுக்கு முன் செதுக்கிய சுவர்கள். அறுப்பு, போரடிப்பு, கதிர்க்கட்டு சுமக்கும் கழுதைகள், பால் கறக்கும் ஆட்கள் என்று ஒரு முழுப் பண்ணையே சுவரில் இருக்கிறது. குதிரை மட்டும் இல்லை. குதிரை எகிப்துக்கு வந்தது பல நூற்றாண்டு கழித்துத்தான். அதற்கு முன்பே பாரம் தூக்கத் தொடங்கிய கழுதை இன்றும் வாசலில் வண்டியோடு நிற்கிறது.

ஓரிடத்தில் மாடுகள் தண்ணீரைக் கடக்கின்றன. மேய்ப்பவன் ஒருவன் இளங்கன்றை முதுகில் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான். கன்று திரும்பித் தாயைப் பார்க்கிறது. தாய் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டு பின்னால் வருகிறது. கன்றை முன்னால் கொண்டுபோனால் தாய் தானாக வரும், மந்தையும் கூடவே வரும். மாடு ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரியவரை நிறுத்திவைத்தது இன்னொரு படம். பசு கன்று ஈன்றுகொண்டிருக்கிறது. பின்னால் ஒரு ஆள் கன்றைப் பிடித்து வெளியே எடுக்கிறான். முன்னங்கால்களும் தலையும் சேர்ந்து வரும் சரியான நிலை. "நாம் செய்வதும் இதுதானே" என்றார் இளம் மருத்துவர். பெரியவர் சிரித்தார். நிலை சரியாக இருந்தால் இது பிரசவம். இல்லாமல் இழுத்தால் அது கொலை என்றார். கன்றை எப்போது இழுக்கலாம் என்பது நம் வாசகர்களும் கேட்கும் கேள்வி. இரண்டு முன்கால்களும், அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் பொதுவாகப் பசுவே ஈன்றுவிடும். உதவி தேவைப்பட்டால், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பசு முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அது ஓயும்போது நாமும் ஓய வேண்டும். ஒரு கால் மட்டும் வந்தாலோ, தலை திரும்பியிருந்தாலோ, வால் முதலில் தெரிந்தாலோ தொடாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் எதுவும் நகரவில்லை என்றாலும் அப்படித்தான். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்துக் கருப்பை வெளியே தள்ளிய பிறகு போன் செய்வது தாமதம்.

அதே சக்காராவில் தரைக்கடியில் செரப்பியம் இருக்கிறது. 1850-ல் மரியெட் என்ற பிரெஞ்சுக்காரர் மணலில் கண்டுபிடித்த இடம். ஆபிஸ் என்ற தெய்வக் காளைகளைப் பதப்படுத்திப் புதைத்த சுரங்கம். ஒரு காலத்தில் ஒரே காளைதான் ஆபிஸ். நெற்றியில் வெள்ளைக் குறி உட்படப் பல அடையாளங்கள் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பார்களாம். சுழி பார்த்து மாடு வாங்கும் நமக்கு இதில் வியப்பு இல்லை. ஒற்றைக் கல்லில் குடைந்த பெட்டிகள் சில 60 டன்னுக்கு மேல் எடை. காளையைப் பெற்ற தாய்ப் பசுக்களுக்கும் அருகிலேயே தனிச் சுரங்கம் உண்டு.

மாலையில் கீசா பிரமிடுகளுக்கு வந்தபோதுதான் விடுமுறை முடிந்துபோனது. சவாரிக்கு அழைத்த ஒருவரின் குதிரை முன் வலதுகாலை ஊன்றாமல் நின்றது. முழங்காலுக்குக் கீழே புதிதாகச் சூடு போட்ட தழும்புகள். இளம் மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஓட்டுநரை மொழிபெயர்க்கச் சொல்லி, இந்தக் காலோடு சவாரி விடுகிறாயா என்று கேட்டார். குதிரைக்காரர் குரலை உயர்த்தவில்லை. மூன்று நாளாக நொண்டுகிறது, சூடு போட்டும் கேட்கவில்லை, வீட்டில் ஐந்து பேர் என்றார்.

பெரியவர் காரிலிருந்து பெட்டியை எடுத்துவரச் சொன்னார். குளம்பைத் தொட்டால் சுட்டது. இடுக்கியால் அழுத்தியபோது ஒரே இடத்தில் குதிரை காலை உதறியது. காலில் நோய் இல்லை, குளம்புக்குள் சீழ். லாடத்தைக் கழற்றி, அடிக்குளம்பில் கறுப்பாகத் தெரிந்த கோட்டைக் கத்தியால் மெல்லச் செதுக்கியதும் சாம்பல் நிறத்தில் நாற்றமடிக்கும் நீர் பீச்சியடித்தது. கொஞ்ச நேரத்தில் குதிரை காலைத் தரையில் வைத்தது. எப்சம் உப்புக் கரைத்த வெந்நீரில் குளம்பை முக்கிக் கட்டுப் போட்டு, இசிவு நோய்த் தடுப்பூசியும் போட்டார்கள். சூடு போட்ட இடத்துக்குத் தனியாகப் புண் மருந்து தடவ வேண்டியிருந்தது. சூடு போடுவதால் உள்ளே இருக்கும் சீழ் வெளியே வராது. இருக்கிற வலியோடு இன்னொரு வலிதான் சேரும்.

ஒரு வாரம் சவாரி கூடாது என்றதும் குதிரைக்காரர் பேசாமல் நின்றார். ஒரு வாரம் என்றால் அவருக்கு ஒரு வாரச் சாப்பாடு. ஓட்டுநர்தான் ஒரு வழி சொன்னார்: அண்ணன் குதிரையை மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்ளட்டும். அதற்கு அவர் ஒப்புக்கொண்டாரா என்பது தலையசைப்பில் தெரியவில்லை.

மறுநாள் காலை முகாம் வாசலில் வரிசையில் முதலாவதாக அந்தக் குதிரை நின்றது. கட்டு நனைந்து சேறாகியிருந்தது. நனைக்கக் கூடாது என்று சொன்னோமே என்றார் இளம் மருத்துவர். சவாரி விடவில்லை, ஆனால் வாய்க்காலைத் தாண்டித்தான் இங்கே வர வேண்டும் என்றார் குதிரைக்காரர். இளம் மருத்துவர் உட்கார்ந்து பழைய கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.